இலந்தைக்கு வந்த பேர்

போன தை மாதம் ஓட்டப்பிடாரத்தில் ஒரு பழக்கடை முன்னால் நின்றேன். பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பழத்தைக் குவித்து வைத்திருந்தார்கள். கோழிமுட்டைப் பருமன், மெழுகு தடவினாற்போல் மினுமினுப்பு. குவியலில் செருகியிருந்த அட்டையில் ‘ஆப்பிள் பேர்’ என்று எழுதியிருந்தது. யாருடைய பேர் இது என்று ஒரு கணம் குழம்பி, பேரிக்காய்க்குத் தம்பியோ என்றும் நினைத்து, கடைசியில் கடைக்காரப் பெண்ணிடமே கேட்டேன்.

“இலந்தைதான் அண்ணாச்சி. பெரிய இலந்தை. கொட்டை சின்னது” என்றார்.

இலந்தைக்கு இந்தியில் பேர் என்று பெயர். ஆப்பிள் பருமனுக்கு வளர்வதால் ஆப்பிள் பேர். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் கரிசலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இன்னொருவர் இலந்தையை அடையாளம் காட்ட வேண்டி வந்தது கொஞ்சம் உறைத்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு விவரம் தெரிந்த காலம் 1960-களின் பிற்பாதி. எங்கள் ஊர் ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, நடந்தால் ஒரு மணி நேரம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைகிற மானாவாரிப் புஞ்சை. வரப்புக்கு வரப்பு இலந்தை நின்றது. யாரும் நட்டதில்லை. ஆடு அசைபோட்டுத் துப்பிய கொட்டை, காக்கை போட்ட கொட்டை, பள்ளிக்கூடம் போகிற பையன் உமிழ்ந்த கொட்டை என்று தானாக முளைத்தவை. பருத்தி புஞ்சைக்காரருடையது, கம்பு புஞ்சைக்காரருடையது. இலந்தை மட்டும் பறித்தவனுடையது. இதில் வழக்கு வந்ததாக நான் கேட்டதில்லை.

இலந்தைக் கிளையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலைக்கு அடியில் இரண்டு முள் இருக்கும். ஒன்று நேராக நிற்கும். மற்றது கொக்கிபோல் பின்னுக்கு வளைந்திருக்கும். கையை உள்ளே விட்டால் நேர்முள் குத்தும். சுருக்கென்று கையை இழுத்தால் கொக்கிமுள் பிடித்துக்கொள்ளும். அதனால் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் பறிக்கப் போவோம். தோல் கிழிந்தால் ஆறிவிடும். சட்டை கிழிந்தால் வீட்டில் அடி விழும்.

அன்று எங்கள் ஊரில் இலந்தை என்ற சொல்லுக்கு முதல் பொருளே முள்தான். “மாமா எலந்தை வெட்டப் போயிருக்காவ” என்றால் வேலி அடைக்க முள் வெட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம். களத்தைச் சுற்றி இலந்தை முள், ஆட்டுக்கிடைக்குப் படல் இலந்தை முள், கீரி வராமல் கோழிக்கூட்டின் மேல் போட்டதும் அதே முள். பழம் இரண்டாவது பொருள். அந்த இரண்டாவது பொருளுக்குள்ளும் நாங்கள் நாலு படி வைத்திருந்தோம்: பச்சையாக இருந்தால் காய், மஞ்சள் ஓடினால் செங்காய், சிவந்தால் பழம், கிளையிலேயே சுருங்கிப்போனால் வத்தல். செங்காயை உப்பைத் தொட்டுத் தின்ன வேண்டும். பழத்தைப் பிட்டுப் பார்க்காமல் தின்ன வேண்டும். பிட்டால் புழு தெரியும்.

விலைக்கு வந்த இலந்தையும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு ஆச்சி கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அளப்பதற்கு ஒரு பித்தளை உழக்கு. கால் படி கொள்ளும் அந்த உழக்கின் அடி உள்நோக்கி ஒடுங்கியிருந்ததால் அளவு கொஞ்சம் குறையும் என்று எங்களுக்குச் சந்தேகம். அதைச் சொன்னால் ஆச்சி மேலே ஒரு கை அள்ளிப் போட்டு வாயை அடைத்துவிடுவாள். உழக்கு ஐந்து பைசா. பைசா இல்லாத பையன்கள் மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும்போது கால்சட்டைப் பையில் பருத்தி கொண்டுவருவார்கள். ஆச்சி அதைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு ஏற்ப வத்தலோ இலந்தை வடையோ தருவாள். யார் புஞ்சையில் எடுத்த பருத்தி என்று அவள் கேட்டதில்லை.

ஆச்சிக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் அவள் மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பள்ளிக்கூட வாசலோடு நிற்காமல் தெருத்தெருவாகப் போய்விட்டு வருவாள். “எலந்தப் பளோம்” என்று அவள் நீட்டிக் கூவுவது கீழத்தெருவில் கிளம்பினால் மேலத்தெருவில் கேட்கும்.

அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது.

1968-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் ‘பணமா பாசமா’ வெளியானது. ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் நடித்த குடும்பப் படம். ஆனால் ஊர் வாயில் நின்றது அவர்கள் கதையல்ல. இலந்தைக் கூடையோடு வரும் விஜயநிர்மலாவுக்கு எல்.ஆர். ஈஸ்வரி குரல் கொடுத்த பாட்டுத்தான் நின்றது. கண்ணதாசன் எழுதியது, கே.வி. மகாதேவன் இசை. பழத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி வேறொன்றைச் சொல்கிற பாட்டு அது. எதைச் சொல்கிறது என்று எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் சிரித்ததிலிருந்து, இலந்தை என்றால் இலந்தை மட்டும் இல்லை என்று மட்டும் புரிந்தது.

சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடிந்து, படம் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீசுக்கு வந்துசேர நாளாயிற்று. பாட்டு முன்னாலேயே வந்துவிட்டது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கொடை எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கியில் அதுதான். அந்த வருசம் ஆச்சியின் மகள் தெருவில் இறங்கிக் கூவினால், டீக்கடை பெஞ்சிலிருந்து பாட்டின் அடுத்த அடி பதிலாக வந்தது. அவள் முதலில் முன்பாதியை விட்டுவிட்டு வெறும் “பளோம்” என்று கூவிப் பார்த்தாள். எந்தப் பழம் என்று கேட்பதற்கும் பெஞ்சில் ஆள் இருந்தது. பிறகு கூவாமலே நடந்தாள். கூவாமல் நடக்கிற பழக்காரியிடம் யார் வாங்குவார்கள்? அடுத்த மார்கழியில் அவள் வரவில்லை. “பாட்டு வந்ததுலேர்ந்து எம்புள்ள தெருவுக்கு வரமாட்டேங்கா” என்று ஆச்சி எங்கள் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. அம்மா பதில் சொல்லாமல் கூடையைக் கைதாங்கி இறக்கிவைத்தாள்.

பாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தாளமும் ஈஸ்வரியின் குரல் எகிறலும் இன்று கேட்டாலும் காலை ஆட்டவைக்கும், நானும் ஆட்டுவேன். திரையில் கூடை தூக்கிய பெண்ணுக்குக் கைதட்டல் கிடைத்தது. தெருவில் கூடை தூக்கிய பெண்ணுக்குக் கிடைத்தது வேறு. இரண்டும் ஒரே பேரால் நடந்தது.

இதில் உச்சரிப்பின் கூத்து ஒன்றும் உண்டு. பாட்டில் பழம் ‘பயம்’ ஆகிறது. அது சென்னைத் தெருவின் நாக்கு. எங்கள் ஊர் நாக்குக்குப் பழம் ‘பளம்’. ழகரத்தை ஒழுங்காகச் சொல்லாததில் இரண்டு ஊரும் சமம்தான். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பையன்களும் ‘பயம்’ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். பழந்தமிழில் பயம் என்றால் பயன் என்று பொருள். பால், நீர் என்றும் பொருள் உண்டு. இன்றைய தமிழில் அச்சம். ஆச்சியின் மகளுக்கு எந்தப் பயம் வாய்த்தது என்பது தெரிந்ததுதான்.

விஜயநிர்மலா பின்னால் இயக்குநரானார். தெலுங்கிலே பெரும்பாலும், மொத்தம் 44 படங்கள். உலகிலேயே அதிகப் படங்களை இயக்கிய பெண் என்று 2002-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். 2019 ஜூனில் காலமானார். தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் 44 படங்களில் ஒன்றும் நினைவுக்கு வராது. இலந்தைக் கூடைதான் வரும். ஈஸ்வரியின் கதை வேறு. மாரியம்மன் பாட்டுகளால் அவர் குரல் கோயிலுக்குள் போய்விட்டது. எங்கள் ஊர்க் கொடையில் காலையில் அம்மன் பாட்டும் ராத்திரி இலந்தைப் பாட்டும் ஒரே குழாயிலிருந்து ஒரே குரலில் வரும். இதில் யாருக்கும் ஒரு முரணும் தெரிந்ததில்லை.

இலந்தைக்கு எங்கள் ஊர் அறியாத பேர்களும் மரியாதைகளும் எங்கெங்கோ இருந்தன என்று படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். சங்கப் பாட்டில் அதற்கு இரத்தி என்று பெயர்; புறநானூற்று 34-ஆம் பாட்டில் இரத்தி மரம் ஓங்கி நிற்கிற அகன்ற மன்றம் வருகிறது. எங்கள் ஊர் ஆட்கள் பணம் சேர்த்து, ரயிலேறி, பேருந்தேறிப் போய்வரும் பத்ரிநாத்தின் பெயரில் இருக்கும் பதரி என்பது வடமொழியில் இலந்தை. திருமங்கையாழ்வார் அதை ‘வதரி’ என்று தமிழாக்கிப் பாடியிருக்கிறார். வரப்பில் நிற்பதை வெட்டி வேலி போட்டுவிட்டு, இமயமலையில் அதன் பேரைச் சேவிக்கப் போயிருக்கிறோம். கீழ்வேளூர் சிவன் கோயிலுக்குத் தலமரமே இலந்தைதான். சபரி கடித்துப் பார்த்து ராமனுக்குக் கொடுத்த பழம் என்று வடக்கே கதை சொல்வார்கள். வால்மீகியில் கடித்துப் பார்த்த சங்கதி கிடையாது, ஆனாலும் கதை நிற்கிறது. ஆந்திரத்தில் போகியன்று சின்னப் பிள்ளைகளின் தலையில் இலந்தைப் பழத்தைச் சொரிந்து திருஷ்டி கழிப்பார்கள். மேற்கு ஆசியாவில் வளரும் இலந்தையினம் ஒன்றுக்குத் தாவரவியலார் வைத்த பெயர் ‘ஸ்பைனா கிறிஸ்டி’, அதாவது கிறிஸ்துவின் முள். முள்முடி அந்த மரத்தின் கிளையால் பின்னப்பட்டது என்பது மரபு. எங்கள் ஊர்க் கொக்கிமுள்ளை அனுபவித்தவனுக்கு அந்த மரபை நம்புவதில் சிரமம் இல்லை.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எங்கள் மாவட்டத்திலேயே கேட்டது. காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் சொன்னார்: இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இலந்தை இலையைப் போடுவார்கள். அரபியில் சித்ர். நபிகள் விண்ணேற்றப் பயணத்தில் கண்ட எல்லை மரம் ‘சித்ரத்துல் முன்தஹா’. தமிழில் குர்ஆன் படிக்கிறவருக்கு அது வானத்தின் எல்லையில் நிற்கும் இலந்தை மரம். ஓட்டப்பிடாரத்திலிருந்து காயல்பட்டினம் ஒரு பகல் பயணம்கூட இல்லை. இங்கே பெஞ்சிலிருந்து கிண்டல் பண்ணின அதே பேர், அங்கே கடைசிக் குளியலின் பேர்.

இலந்தை வடையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயரைக் கேட்டு, எண்ணெயில் பொரிப்பதோ என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். உளுந்த வடையோடு இதற்கு உறவில்லை. இலந்தை வத்தலைப் பொறுக்கி, உப்பு, மிளகாய் வத்தல், கருப்பட்டி, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து உரலில் இடிப்பார்கள். கொட்டையும் சேர்ந்து நொறுங்கும். கையால் தட்டி ஓலைப்பாயில் போட்டால் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். வாயில் போட்டால் முதலில் உப்பு, அடுத்து புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் காரம். பல்லில் கொட்டைத் தூள் நறநறக்கும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் தின்னக்கூடாத பண்டம் அது. ஈ மொய்க்கும் என்று வாத்தியார் பிரம்பைக் காட்டுவார். வாங்கி வரச் சொல்லித் தானும் ஒன்று தின்பார்.

இன்று இலந்தை வடை கண்ணாடித்தாள் பொட்டலத்தில் வருகிறது. பத்து ரூபாய்ப் பொட்டலம் என்றால் உள்ளங்கையில் பாதி இருக்கும். கொட்டையை நீக்கிவிட்டு அரைக்கிறார்கள், நறநறப்பு இல்லை. சர்க்கரை கூடுதல். ஈ இல்லை, மண் இல்லை, காலாவதித் தேதி இருக்கிறது. ‘நினைவுகளைத் தூண்டும்’ என்ற மாதிரி ஏதாவது ஒரு வாசகமும் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பேரும் பண்டத்தின் பேரும் சட்டப்படி சேர்ந்துகொண்டன. இலந்தை வடைக்கு அப்படி எந்த ஊரும் பேர் கேட்டு நின்றதாகத் தெரியவில்லை. எந்த ஊரிலும் ஆச்சிகள்தான் தட்டினார்கள்.

மரத்துக்கு என்ன ஆயிற்று என்றால், ஒரே காரணம் சொல்ல முடியாது. விறகுக்கு ஆகும் என்று வந்த சீமைக்கருவேலம் கண்மாய்க்கரையிலிருந்து வரப்புக்கு ஏறியது. வேலிக்கும் அதன் முள்ளே போதும் என்றானது. பிறகு கம்பிவேலி வந்து அதுவும் தேவையில்லை என்றானது. டிராக்டர் திரும்புவதற்கு வரப்பு இடைஞ்சல், வரப்புக்கு இலந்தை இடைஞ்சல். பருத்தியும் கம்பும் நின்ற இடங்களில் மக்காச்சோளம் ஏறிவிட்டது. காற்றாலைக்கும் சூரியமின் தகடுகளுக்கும் போன புஞ்சையில் முளைக்க இலந்தைக்கு இடமில்லை. எங்கள் பழைய புஞ்சையின் தென்வரப்பில் நான் எண்ணி வைத்திருந்த பதினொரு இலந்தையில் இப்போது நிற்பது ஒன்று. அதுவும் மின்கம்பத்தை ஒட்டி நிற்பதால் தப்பியது.

இழப்பை மட்டும் சொன்னால் பொய்யாகும். நாங்கள் உழக்கு உழக்காய் இலந்தை தின்றதற்கு ருசி ஒரு காரணம் என்றால் பசி இன்னொரு காரணம். மத்தியானச் சோறு இல்லாத நாளில் ஒரு பை இலந்தை வயிற்றை ஏமாற்றிவிடும். ராத்திரி வயிறு கடுக்கும். 1982-ல் சத்துணவு வந்தது. இப்போது காலைச் சாப்பாடும் அரசுப் பள்ளியிலேயே கிடைக்கிறது. எந்தப் பிள்ளையும் புழுவைப் பார்க்காமல் தின்னப் பழகவேண்டியதில்லை. பருத்தியைக் கால்சட்டைப் பையில் திருடவும் வேண்டியதில்லை.

இந்தப் பெரிய இலந்தையிலும் எனக்குப் பகை கிடையாது. பனாரசி, உம்ரான், கோலா என்று வடக்கத்திப் பேர் கொண்ட ஒட்டு ரகங்கள் முன்பே தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. தாய்லாந்து வழியாக இந்த ஆப்பிள் பேர் வந்தது பிறகு. தண்ணீர் குறைந்த நிலத்தில் காசு தருகிற பழப்பயிர் அதிகம் இல்லை, இலந்தை தருகிறது. முறை எனக்குப் பிடித்திருக்கிறது: நாட்டு இலந்தையை விதைபோட்டு வளர்த்து, அல்லது நிற்கிற செடியையே தரையை ஒட்டி வெட்டி, துளிர்க்கும் தளிரில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுவார்கள். வறட்சியைத் தாங்கும் வேர் நாட்டு வேர். பழத்துக்கு மட்டும் வேற்றூர்ப் பேர். அன்று ஒரு உழக்கில் கோலிக்குண்டுப் பருமனில் நாற்பது ஐம்பது பழம் இருக்கும், பாதி கொட்டை. இன்று இரண்டு பழம் நூறு கிராமைத் தொடுகிறது.

வாங்கிவந்ததைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவளுக்கு ஆப்பிள் என்றால் முதலில் போன், அப்புறம்தான் பழம். கடித்துவிட்டு, “தண்ணியா இருக்கு தாத்தா, நல்லாருக்கு” என்றாள். இரண்டும் உண்மை. புளிப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, நறுக்கென்று உடைகிற ஒரு இனிப்பு. உப்புத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். இலந்தை என்று சொன்னதும், போனை எடுத்து, எழுதித் தேடி, அந்தப் பாட்டைப் போட்டுவிட்டாள். 1968-ல் பிறக்காத அவள் அம்மாவும் சேர்ந்து பாடினாள். தேடிப் பார்த்ததில் முதலில் வந்தது பாட்டு, இரண்டாவது வடைப் பொட்டலம். மரம் வருவதற்கு நெடுந்தூரம் கீழே போகவேண்டியிருந்தது. முள் வரவே இல்லை.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். அட்டையைக் காட்டி, “ஆப்பிள் பேர்னா யாருக்குத் தாயி தெரியும்? இலந்தைன்னே எழுதலாமே” என்றேன்.

அந்தப் பெண் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எழுதுனா வாரவன் போறவன்லாம் பாடுதான் அண்ணாச்சி. பொங்கலுக்கு முன்னால எழுதித்தான் வச்சிருந்தேன். ரெண்டே நாளு.”

அட்டை மாறவில்லை. கிலோ எண்பது ரூபாய்.